அறிவியல் நாடக முதற்பதிப்புகள்: திரட்டலும் பயனும்

முன்னுரை

பழைய நூல்களைத் திரட்டுவோரைச் செல்வர்தம் பொழுதுபோக்கினர் என எண்ணுவாருளர். முதற்பதிப்பு என்பது விலைப்பொருள் மட்டுமன்று, மூலபாடத்தின் சான்றுமாகும். இவ்வுண்மையை ஒரு நாடகத்தின்வழி ஈண்டுக் காண்போம்.

நாடகமும் நூலும்

செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் இயற்றிய 'ஆர்.யூ.ஆர்.' 1920இல் பிராக் நகரில் அவெந்தினும் பதிப்பகத்தாரால் வெளியிடப்பெற்றது. பிராக் தேசிய அரங்கில் அது நடிக்கப்பெற்றதோ 1921 சனவரி 25ஆம் நாள். மேடைக்கு முன்னரே அச்சேறியமையால், மேடை மாற்றங்கள் புகாத பாடத்தை முதற்பதிப்பே காட்டுகிறது. உலகமொழிகளிற் பரவிய 'ரோபோ' என்னும் சொல்லை நல்கியதும் இந்நாடகமே. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபொத்தா' என்னும் செக் சொல்லினின்று அதனை ஆக்கித் தந்தவர் தமையனார் யோசெப் சாப்பெக். இதனைக் காரெலே 1933இல் எழுதியுள்ளார். இந்நாடகத்து ரோபோக்கள் இரும்புப் பொறிகள் அல்ல. செயற்கை உயிர்ப்பொருளால் ஆன மனித உருவங்கள்.

பாடவேறுபாடு

1923இல் பால் செல்வரின் மொழிபெயர்ப்பைத் தழுவி இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்கிலப் பதிப்புகள் வெளிவந்தன. இவையும் திரட்டுவோர் நாடும் அரிய நூல்களே. எனினும் அம்மொழிபெயர்ப்பு சுருக்கப்பட்டது. இறுதியில் அறுத்து ஆராயப்படும் டேமன் என்னும் ரோபோ அதில் இடம்பெறவில்லை. ஆங்கிலம் மட்டும் கற்றோர் பல்லாண்டுகள் குறைபட்ட நாடகத்தையே முழு நாடகமெனக் கொண்டனர். 1990இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பே அக்குறையை நீக்கியது. செக் மூலப்பதிப்பு பேணப்படாதிருப்பின் விடுபட்டது யாதென எங்ஙனம் அறிவோம்?

திரட்டும் முறை

திரட்டப் புகுவோர் தலைப்புப் பக்கத்து ஆண்டினையும், அதன் பின்பக்க அச்சுக் குறிப்பினையும் ஒப்பிடல் வேண்டும். மேலுறை உண்மையானதா, தாள்கள் முழுமையாக உளவா, மறுகட்டடம் செய்யப்பெற்றதா என நோக்குதலும் இன்றியமையாதது. அக்காலத் தாள்கள் பல அமிலத்தால் பழுப்பேறி நொறுங்குவன. ஈரமும் வெயிலும் படாது காத்தல் கடன்.

முடிவுரை

அரிய பதிப்பை வாங்கும் வளம் நம்மில் யாவர்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் இல்லத்துப் பரணிலும் நூலகத்து மூலையிலும் கிடக்கும் பழைய நூலைக் கழிவென எறியாது, அதன் பதிப்பாண்டை ஒருமுறை நோக்குதல் எளிதன்றோ? மாணாக்கர் அதனைத் தொடங்குவாராக. பெரியோர் தம்மிடமுள்ளவற்றை அவர்க்குக் காட்டித் துணைநிற்பாராக.