நெறி கட்டியவரைச் சோதிக்கும் வரிசை: பணிக்குப் புதிதாய் வந்த மருத்துவருக்கு ஒரு கடிதம்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது மருத்துவம் படிக்காதவருக்கும் தெரியும். கழுத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டுவதற்கு மாலையை நினைத்துக் கண்டமாலை என்று பெயரிட்டது சித்த மருத்துவம். இரண்டிலும் வீங்குவது நிணநீர் முடிச்சுதான். உடலில் இவை சுமார் 600 உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென ஒரு காவல் எல்லை. வீக்கம் ஓரிடத்தில் இருக்க, கோளாறு அந்த எல்லைக்குள் வேறோரிடத்தில் இருக்கும். வந்தவர் கேட்பது "டாக்டர், கேன்சரா?" என்ற ஒரே கேள்வி. பெரும்பாலும் இல்லை. ஆனால் அதை உறுதி செய்யும் வழியில் இளம் மருத்துவர் சறுக்குவது அரிய நோய்களின் பெயர் தெரியாமல் அல்ல; மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவதால்தான்.

முதல் கருவி விரல். எந்த இடம், எத்தனை, எவ்வளவு பெரிது, தொட்டால் வலிக்கிறதா, நகர்கிறதா, ரப்பர் போலவா கல் போலவா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்பதைக் கை சொல்லிவிடும். கழுத்திலும் அக்குளிலும் 1 செ.மீ., தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரை இயல்பாகவே தட்டுப்படலாம்; வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தொடையிடுக்கில் சிறு முடிச்சு இல்லாவிட்டால்தான் வியப்பு. காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எந்த அளவில் தட்டுப்பட்டாலும் காரணம் தேட வேண்டும். இடப்பக்கக் குழியில் வயிற்றுப் புற்றுநோய் வந்து தங்குவதை 19ஆம் நூற்றாண்டிலேயே விர்ஷோ கவனித்தார். அந்த முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். 'நெல்லிக்காய் அளவு' என்று சீட்டில் எழுதுவது பழைய வழக்கம். எந்த மரத்து நெல்லிக்காய் என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரியாது. மில்லிமீட்டரில் எழுதுவதே நல்லது.

முடிச்சைப் பிடித்தபின் அதன் எல்லையைத் தேட வேண்டும். கழுத்து முடிச்சென்றால் தலையில் பேன், புண், பல் சொத்தை, தொண்டை, காது. வெற்றிலை, புகையிலை போடுபவரானால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் மட்டும் போதாது. உறையணிந்த விரலால் நாக்கின் ஓரத்தையும் வாயின் தரையையும் தடவிப் பார்க்க வேண்டும். வாய்ப் புற்று இருக்கும்போது கழுத்து முடிச்சை மட்டும் வெட்டி எடுப்பது பின்னால் செய்யவேண்டிய அறுவையைக் கெடுக்கும். காய்ச்சலோடு வந்தவரின் உடையை விலக்கி அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும் அவசியம். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ்; டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கும். பொருக்கு வலிக்காது, அதனால் நோயாளியே அதைச் சொல்ல மாட்டார்.

கேட்க வேண்டியவை சில. எத்தனை நாளாய் இருக்கிறது, மாலைக் காய்ச்சல் உண்டா, இரவில் சட்டை மாற்றும் அளவுக்கு வியர்க்கிறதா, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்ததா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவருக்கு மருந்தாலேயே நெறி கட்டலாம். இடது கையில் பி.சி.ஜி. போட்ட கைக்குழந்தைக்கு இடது அக்குளில் சிறிதாகக் கட்டினால் அநேகமாகத் தானே அடங்கும். காசநோய் மருந்து வேண்டியதில்லை.

அபாயக்குறி எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் கட்டியிருந்தால் மூன்று நான்கு வாரம் காத்திருக்கலாம். காத்திருப்பதென்றால் அளந்து எழுதி, வரவேண்டிய தேதியைச் சொல்லி அனுப்புவது. 'சரியாகிவிடும், போங்க' என்பது அதில் சேராது. இந்த இடைவெளியில்தான் பெரிய பிழை நடக்கிறது. வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். லிம்ஃபோமாவும் ரத்தப் புற்றும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். நோயாளி நன்றி சொல்லிப் போவார். சில மாதம் கழித்து முற்றிய நிலையில் வருவார். இடையில் திசுவை எடுத்தாலும் அதில் ஒன்றும் தெளிவாய்த் தெரியாது. லெவோஃப்ளாக்ஸசினும் இதே வகைக் கெடுதல் செய்யும்: காசநோயை அரைகுறையாய் அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

முடிச்சு நிலைத்தாலோ வளர்ந்தாலோ முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ரத்தப்பூச்சு, மார்பு எக்ஸ்ரே, சம்மதம் பெற்று எச்.ஐ.வி. சோதனை. ரத்தப் புற்றைக் கழுத்து முடிச்சென்று வெட்டப் போகாமல் தடுப்பது அந்த எளிய ரத்தப்பூச்சுதான். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் முடிச்சுக் காசநோய் இல்லையென்று ஆகாது. ஸ்கேனில் அவரை விதை வடிவம் போய் உருண்டையாகி, நடுவிலுள்ள கொழுப்புக் கோடு மறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது ஊசி. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பதற்கு மயக்க மருந்து வேண்டாம், தழும்பும் விழாது. வருவதில் ஒரு பங்கு கண்ணாடித் தகட்டுக்கு. மறு பங்கு சிபிநாட் கருவிக்கு. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காசநோய்க் கிருமியையும் ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் அந்தக் கருவி சொல்லும். 'கிரானுலோமா' என்று மட்டும் அறிக்கை வந்தால் அது காசநோயை நோக்கி விரல் நீட்டுகிறது, அவ்வளவே. சார்காய்டோசிஸிலும் அதே சொல் வரும். காசநோயால் சீழ் கோத்த முடிச்சைக் கத்தியால் கீறக் கூடாது. பக்கத்து நல்ல தோல் வழியாக ஊசி செலுத்தி உறிஞ்ச வேண்டும். கீறினால் மாதக்கணக்கில் ஒழுகும்.

லிம்ஃபோமா சந்தேகத்துக்கு ஊசி போதாது. செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே அங்கே விடை. தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் இந்த நோயை விவரித்தது வெறுங்கண்ணால். அவர் சேர்த்திருந்த எல்லோருக்கும் அதே நோய் இல்லை என்பதைப் பிற்காலத்து நுண்ணோக்கி காட்டியது. ஆகவே ஒரு முடிச்சை முழுசாக எடுக்க வேண்டும்: கைக்கு எளிதாய்க் கிடைப்பதை அல்ல, சந்தேகம் மிகுந்த பெரிய முடிச்சை, முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர்த்து. கழுத்தின் பின்பக்க முக்கோணத்தில் தோலுக்கு அடியிலேயே துணை நரம்பு ஓடுகிறது. அது அறுந்தால் தோள் சரியும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அந்த இடம் பழகிய அறுவை மருத்துவரின் கைக்குரியது.

எடுத்ததைப் புட்டியில் போடும்போது வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். முழு முடிச்சும் ஃபார்மலினில் விழுந்துவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வழியில்லை. மறுபடி வெட்ட வேண்டும். ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு சலைனில். பெயரை மூடியில் எழுதாமல் புட்டியின் உடம்பில் ஒட்ட வேண்டும், மூடிகள் மாறிவிடும்.

காசநோய் என்று வந்தால் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிந்து ஆறு மாதச் சிகிச்சை தொடங்கும். நடுவில் சிலருக்கு முடிச்சு பெருக்கும், புதிதாகவும் கட்டும். இறந்த கிருமிகளோடு உடல் நடத்தும் சண்டையாக அது இருக்கலாம். அதை மட்டும் வைத்து மருந்து தோற்றதென்று மாற்றக் கூடாது. மறுபடி உறிஞ்சி, கிருமி வளர்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு. ஆறு மாதம் முடிந்தபின் அரை செ.மீ. முடிச்சொன்று வளராமல் மிஞ்சியிருந்தால், அதற்காகச் சிகிச்சையை நீட்டுவதில்லை.