ஜெலுபுச் சாலையில் இரண்டு சோற்றுப் பானைகள்

மாணவர்களே, வீட்டில் பச்சரிசியும் புழுங்கல் அரிசியும் இருந்தால் இரண்டிலும் ஒரு பிடி எடுத்து, வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பச்சரிசி வெள்ளை வெளேரென்று இருக்கும். புழுங்கல் அரிசி சற்று மஞ்சளாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதாக இருக்கும். வகுப்பில் இதைக் காட்டினால், “சார், புழுங்கல் வாசம் பிடிக்காது” என்று இரண்டு பேராவது சொல்வார்கள். பிடிக்காமல் போகட்டும். ஆனால் ஏறத்தாழ நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் நம் நெகிரி செம்பிலானில் ஒருவர் பிழைப்பதும் சாவதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்து இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதம்தான் இன்றைய பாடம்.

அந்தக் காலத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும், தசை வலிக்கும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதைக்க வேண்டும் அல்லவா? அந்த அனிச்சைச் செயல் மறைந்துவிடும். சிலருக்குக் கால் நீர் கோத்து வீங்கி, இதயம் தளர்ந்து, திடீரென்று உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். கிருமியா, ஈரமான தரையா, கெட்டுப்போன மீனா என்று மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சிரம்பானில் இருந்த நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் லியோனார்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்டார்கள். கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களோ ஊரில் பழகிய புழுங்கல் அரிசியை விடவில்லை. அது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. முதல் கூட்டத்தாருக்குப் பெரிபெரி மிகுதி. மற்ற இரு கூட்டத்தாருக்கும் அது அரிது. பிராடன் இதையெல்லாம் திரட்டி 1907-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

தமிழர்கள் நோயே இல்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டங்களில் அவர்களை வாரிக்கொண்டு போயின. பெரிபெரி மட்டும்தான் அவர்களை அதிகம் தொடவில்லை.

இங்கே சற்று நில்லுங்கள். பிராடன் சொன்னது போதுமான சான்றா? சுரங்கத்தில் இருந்தவர் வேறு, தோட்டத்தில் இருந்தவர் வேறு. குடியிருப்பு வேறு, வேலை வேறு, குழம்பும் வேறு. தமிழர்கள் சோற்றோடு பருப்பும் சாப்பிட்டார்கள். காப்பாற்றியது பருப்பாகவும் இருக்கலாம். பல மாறிகள் ஒரே சமயத்தில் மாறினால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? படிவம் ஒன்றிலேயே படித்த பாடம்தான் இது: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாறாமல் வை. மனிதர்களை வைத்து அதைச் செய்வதுதான் கடினம்.

அதைச் செய்து பார்த்தவர் கோலாலம்பூரில் இருந்த வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். அங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் 1905-இல் பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். அங்கே ஒரே மதிலுக்குள், எதிரெதிரே, ஒரே மாதிரியான இரண்டு கட்டடங்கள் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மற்றொன்றுக்கு. உணவு எல்லாம் ஒன்று. அரிசி மட்டும் வேறு. ஒரு பக்கம் சயாம் வெள்ளை அரிசி, மறுபக்கம் வங்காளப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில்தான் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் வைத்தார்.

ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் இறப்பே இல்லை. அங்கே நோய் இருந்தவர்கள் இருவர்தான். அவர்களும் நோயோடுதான் வந்து சேர்ந்தவர்கள்.

அந்த 18 பேரை நான் வேகமாகக் கடந்து போக விரும்பவில்லை. மனநோயாளிகளைக் கொண்டு, நோய் தரும் என்று ஐயப்பட்ட உணவை ஓராண்டு கொடுத்துப் பார்ப்பதை இன்று எந்த நெறிக் குழுவும் அனுமதிக்காது. அந்த ஆய்வால் பிறகு எத்தனையோ பேர் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அடுத்த கட்டம் நம் மாநிலத்திலேயே நடந்தது. ஜெலுபு மாவட்டத்தில், டுரியான் திப்புஸ் என்ற இடத்தில், காட்டை வெட்டிச் சாலை போட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் ஹென்றி பிரேசரும், கனடாவிலிருந்து வந்திருந்த ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டனும் 1907-இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசிச் சோறு, மற்றதற்குப் புழுங்கல் அரிசிச் சோறு. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. வெள்ளை அரிசியை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வரவில்லை. இடத்தை மாற்றிப் பார்த்தார்கள், அரிசியையும் மாற்றிப் பார்த்தார்கள். நோய் இடத்தோடு போகவில்லை, அரிசியோடு போயிற்று.

ஏன் மூன்று மாதம்? பெரிபெரிக்குக் காரணம் தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைபாடு. பைருவேட் என்ற பொருள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆற்றலாக மாறும் படிக்குத் தயமின் தேவை; அது இல்லாவிட்டால் குளுக்கோஸ் இருந்தும் நரம்பும் இதயத் தசையும் பட்டினி கிடக்கும். நம் உடலில் தயமின் சேமிப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். அறவே கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் தீர ஆரம்பிக்கும். வெள்ளை அரிசியிலும் பிற உணவிலும் கொஞ்சம் இருப்பதால் சேமிப்பு மெல்ல மெல்லத்தான் கரையும். நெல்லில் தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. அரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே செல்கிறது. மாவுச்சத்து கூழாகி இறுகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கண்ணாடிப் பளபளப்பு அதன் அடையாளம்தான்.

பிராடனுக்கு இதெல்லாம் தெரியாது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். கவனித்தது சரி, விளக்கம் தவறு. அறிவியலில் இது அடிக்கடி நடக்கும். பிரேசரும் ஸ்டான்டனும் கோழிகளில் செய்த சோதனைகள், இருக்கும் நஞ்சு அல்ல, இல்லாமற்போன சத்தே காரணம் என்ற பக்கம் திருப்பின. ஜாவாவில் எய்க்மன் முன்பே கோழிகளில் கண்டிருந்ததும் அதோடு பொருந்தியது. 1910-இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ‘வைட்டமின்’ என்ற சொல்லையே காசிமிர் பங்க் 1912-இல்தான் உருவாக்கினார்.

இப்போது யாரும் அதிகம் கேட்காத ஒரு கேள்வி. டுரியான் திப்புஸில் ஆய்வு இரண்டே மாதத்தில் நிறுத்தப்பட்டிருந்தால்? இரு கூட்டத்திலும் நோய் இல்லை, எனவே அரிசி காரணமில்லை என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆய்வை எத்தனை நாள் நடத்துவது, எத்தனை ஆள் வேண்டும் என்ற திட்டம் தவறினால் முடிவே தவறிவிடும். வேலைச்சுமைத் திட்டம் என்றால் அலுவலகக் காகித வேலை என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த 300 பேரையும் வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலைத் தட்டி, வீக்கம் பார்த்து, நாடி பிடிக்கப் பத்து நிமிடம்; எழுதி வைக்க ஐந்து நிமிடம். மொத்தம் 4,500 நிமிடம், அதாவது 75 மணி நேரம். ஒரு தாதி வாரம் 40 மணி நேரம் வேலை செய்தாலும் நடை, உணவு, விடுப்பு, பிற வேலை போக 30 மணி நேரம்தான் இதற்குக் கிடைக்கும் என்று கொள்ளுங்கள். 75-ஐ 30-ஆல் வகுத்தால் 2.5, ஆகவே மூன்று பேர் வேண்டும். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் வாரம் 120 பேரைத்தான் பார்ப்பார். மற்ற 180 பேர்? அதைவிட மோசம், அவர் களைத்துப்போய் அருகிலிருக்கும் கூட்டத்தையே அதிகம் பார்ப்பார். தூரத்தில் இருக்கும் கூட்டத்தில் நோய் இருந்தும் ஏட்டில் ஏறாது. ஆள் பற்றாக்குறை இப்படித்தான் பிழையான அறிவியலாக மாறுகிறது.

இன்று சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு மையம் இருக்கிறது. புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர் தம் விருப்பப்படி தொடங்கிவிட முடியாது. சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிக் குழு இசைய வேண்டும். பங்கேற்பவர் தமக்குப் புரியும் மொழியில் கேட்டு, படித்து, கையெழுத்திட வேண்டும். ஆய்வை நடத்தும் மருத்துவர் ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ என்னும் பயிற்சியில் தேர்வெழுதித் தேறியிருக்க வேண்டும்; உடன் பணியாற்றும் தாதியரும் மருந்தாளரும் அதையே கற்கிறார்கள். குலுக்கல் முறையில் பிரிப்பது, யாருக்கு எது என்பதை மறைப்பது, எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டுத் திருத்தித் தேதியிட்டு ஒப்பமிடுவது என்று சின்னச் சின்னதாகப் பல. நம் அறிவியல் கூடக் குறிப்பேட்டில் திருத்து மை பூசும் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்! எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கணிக்கவும் முறைகள் உண்டு. கனடாவின் ஒண்டாரியோவில், ஆய்வின் சிக்கலுக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்து வேலைச்சுமையை அளக்கிறார்கள்.

நாளைய சிகிச்சைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ‘கார்-டி’ சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலவகை இரத்தப் புற்றுநோய் கண்டவரின் இரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, வீரியம் நீக்கிய வைரஸ் வழியாகப் புதிய மரபணுவை ஏற்றி, புற்றணுவை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, உறையவைத்து, அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது.

இந்த மருந்து அலமாரியில் இருப்பதில்லை. ஒரு பை ஒருவருக்கு மட்டும்தான். பெயர் மாறினால் உயிர் போகும். திரவ நைட்ரஜன் குளிரில் வந்து சேரும் பையை உருக்கிவிட்டால் காத்திருக்க நேரமில்லை. செலுத்திய பிறகு கடுங்காய்ச்சல் வரலாம், இரத்த அழுத்தம் விழலாம், மூளையும் குழம்பலாம். மூளையைச் சோதிக்கத் தாதியர் கற்கும் முறை எளிமையானது: இன்று என்ன மாதம், இது எந்த ஊர் என்று கேட்பார்கள், மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று அழகாக எழுதியவரின் கை இன்று கிறுக்கினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் இதைச் செய்ய, பயிற்சி பெற்ற ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் வேறு பன்னிரண்டு நோயாளிகளையும் கவனித்துக்கொண்டிருந்தால் அந்தக் கிறுக்கல் யார் கண்ணிலும் படாது. நோயாளி தமிழில் மட்டுமே எழுதுபவர் என்றால், தமிழ் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். லாபு, ரந்தாவ், பகாவ் தோட்டங்களிலிருந்து வந்து படிக்கும் உங்களுக்கு இதில் இடம் இருக்கிறது. மருத்துவராக மட்டுமல்ல, ஆய்வுத் தாதியாக, மருந்தாளராக, ஆய்வு ஒருங்கிணைப்பாளராக, புள்ளியியலாளராகவும்.

இனி உங்கள் வேலை. மரபணுவை மாற்றும் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று விதி உண்டு. ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு 10 புதிய நோயாளிகளைச் சேர்க்கிறது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 40 மணி நேரம், பிறகு ஆண்டுக்கு 4 மணி நேரம் செலவாகிறது. எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு வேலை 400 மணி நேரம். ஆறாவது ஆண்டில், பழைய 50 பேரையும் சேர்த்தால், 600 மணி நேரம். பதினாறாவது ஆண்டில் எவ்வளவு? புதிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடாமலேயே வேலை ஏன் கூடுகிறது? வரைபடம் வரைந்து, ஆண்டுக்கு 500 மணி நேரமே உள்ள ஒரு குழு எந்த ஆண்டில் திணறத் தொடங்கும் என்று குறியுங்கள்.

இன்னொன்று. பிளெட்சர் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார். இன்று குலுக்கல் முறையில் பிரிக்கிறார்கள். வரிசையில் நிற்க வைப்பவருக்கு அடுத்த எண் எந்தக் கட்டடத்துக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன நேரலாம்? நண்பரோடு வாதாடி, குறிப்பேட்டில் ஐந்து வரி எழுதி வாருங்கள்.