வெளிநாட்டுப் பட்டம்: பணம் கட்டும் முன்



படிப்புக்காகப் பிள்ளைகள் கடல் கடந்தது போக, இன்று பல்கலைக்கழகங்களே கடல் கடக்கின்றன. சென்னை ஐஐடி 2023-இல் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம், யுஜிசி அனுமதி பெற்று 2025-இல் டெல்லிக்கு அருகே குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கியது.

ஆனால் ‘உள்ளூரில் படிப்பு, வெளிநாட்டுப் பட்டம்’ என்ற விளம்பரங்கள் எல்லாம் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வாங்கி உள்ளூர் நிறுவனம் நடத்தும் ‘பிரான்சைஸ்’ படிப்புகளை யுஜிசி அங்கீகரிப்பதில்லை. அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் போகும்போது பிள்ளைதான் தவிக்கும்.

நகையை அடகு வைக்கும் முன் கேளுங்கள்: அனுமதி ஆணை உண்டா? பட்டம் தருவது யார்? இடையில் நின்றால் கட்டணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதியை யுஜிசி இணையதளத்திலும் சரிபாருங்கள். கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.