சேலத்துக்கு நுட்பத் தொழில் வர என்ன வேண்டும்?

சென்ற மாதம் திருச்செங்கோட்டுப் பக்கத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். தணிக்கை அறிக்கை படிக்கப்பட்டு, வரவு செலவு ஏற்கப்பட்டு, ‘ஏனைய விஷயங்கள்’ என்ற கடைசி இனத்திற்கு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஓர் அங்கத்தினர் எழுந்தார்.

“ஏனுங்க இன்ஸ்பெக்டர் ஐயா, எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சு முடிச்சுட்டாளுங்க. வேலைன்னா பெங்களூருக்குத்தான் போகோணுங்களா? அந்தக் கம்பெனியெல்லாம் நம்ம சேலத்துக்கு வராதுங்களா?” என்று வினவினார்.

சிலர் சிரித்தனர். நூல் விலையும் கூலி பாக்கியும் பேசவேண்டிய இடத்தில் இக்கேள்வி எதற்கு என்று சங்கத் தலைவரும் சற்று முகம் சுளித்தார். நாம் ஒன்று செய்தோம். வீட்டில் ஒருவரேனும் பெங்களூரிலோ சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கிறவர்கள் கை தூக்கும்படி கேட்டோம். வந்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. அன்று நேரமின்மையால் அரைகுறையாகச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

உயர்ந்த தொழில்நுட்பம் என்றவுடன் கண்ணாடி மாளிகையை மனக்கண்ணில் காணவேண்டியதில்லை. மூலப்பொருளின் விலையைக் காட்டிலும் அதனுள் புகுந்த அறிவின் விலை மிகுந்திருப்பது எதுவோ, அதுவே நுட்பத் தொழில். ஜக்கார்டு தறியில் அமர்ந்தவருக்கு இது புதிதன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவர் தறிக்கு அட்டை வைத்தார். துளையுள்ள இடத்தில் பாவு இழை எழும். துளையில்லாத இடத்தில் எழாது. அதே துளையட்டை முறையைக் கொண்டுதான் 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் யந்திரத்தால் எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, பிற்காலத்தில் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. அட்டை குத்தத் தெரிந்த நெசவாளர், கம்ப்யூட்டருக்குத் தூரத்து உறவினர் என்று சொன்னால் தவறாகாது.

இனி, ஒரு தொழில் ஓர் ஊருக்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதைப் பார்ப்போம். இதற்கு அயல்நாடு போகவேண்டாம். நம் ஜவ்வரிசித் தொழிலே சான்று.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலேயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. அக்காலத்தில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரியும். 1943இல் மிக எளிய கைக்கருவிகளைக் கொண்டு இருவரும் உற்பத்தியைத் தொடங்கினர். வேங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அக்கருவிகளைத் திருத்தி அமைத்த பின்னரே வேலை வேகம் பெற்றது. இதில் கவனிக்கத்தக்கது யாது? கட்டடம் கட்டி வைத்து எவரையும் அழைக்கவில்லை. கேட்டு வாங்கச் சந்தை இருந்தது. முறை தெரிந்த ஒருவர் வந்தார். அவர் சொன்னதைப் புரிந்துகொண்டு உலோகத்தில் செய்து தர ஒருவர் உள்ளூரிலேயே இருந்தார். கிழங்கு பயிரிட நம் குடியானவர்கள் இருந்தனர். இந்நால்வரில் எவரை எடுத்துவிட்டாலும் தொழில் இல்லை. அம்மெக்கானிக்கின் பங்கை நாம் எல்லாவற்றினும் பெரிதாக மதிக்கிறோம். அறிவு வெளியிலிருந்து வரலாம். அதை ஏந்திக்கொள்ளும் கை உள்ளூரில் இல்லாவிடின் அது தங்காது.

ஆலைகள் பெருகின. பெருகிய பின் இடையில் நின்ற தரகர்களிடம் உற்பத்தியாளர்கள் சிக்கினர். மூட்டையை இருப்பு வைக்க இடமில்லை. தரத்தைப் பரிசோதிக்க வழியில்லை. அவசரப் பணத்திற்குக் கேட்ட விலைக்குத் தள்ளவேண்டியிருந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தனி ஆலை ஒன்றினால் வைத்துக்கொள்ள இயலாத கிடங்கு, பரிசோதனைக் கூடம், ஏல விற்பனை ஆகியவை எல்லோருக்கும் பொதுவாயின. இந்தப் பரிசோதனைக் கூடத்தை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் இங்கு வருவோம்.

இதற்கு மாறான கதையும் நம்மிடம் உண்டு. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். காமிரா, ஒலிப்பதிவு, படம் கழுவும் கூடம் எல்லாம் அன்றைய உயர்ந்த நுட்பங்களே. 1956இல் தமிழில் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அங்கிருந்து வெளிவந்தது. 1963இல் அவர் மறைந்தார். கம்பெனி மேலும் சில காலம் நடந்து நின்றது. இப்போது ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு நிற்கிறது. சினிமாத் தொழிலோ அழியவில்லை, சென்னையில் தழைத்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவை விட்டு விலகிய ஒலிப்பதிவாளருக்கு அடுத்த தெருவில் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. சேலத்தில் அந்த நிலை இல்லை.

நெசவாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஊரில் ஒரே ஒரு மாஸ்டர் வீவர் இருந்தால் அவர் வைத்ததுதான் கூலி. முன்பணம் வாங்கியவர் தறியை விட்டு எழ இயலாது. நாலுபேர் இருந்து, சங்கமும் இருந்தால் நிலைமை வேறு. படித்த பெண்ணொருத்தி பெங்களூருக்குப் போவது அங்கே ஒரு வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டுமன்று. அந்த வேலை போனால் வீடு மாற்றாமலே மறுவேலை கிடைக்கும் என்பதற்காகவும்தான். கம்பெனிக்கும் அதே கணக்கு உண்டு. ஓர் ஆள் விலகினால் மறு ஆள் அதே ஊரில் கிடைப்பாரா என்றே அது முதலில் கேட்கிறது.

பெங்களூர் இந்நிலையை ஒரு நாளில் அடையவில்லை. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. 1909இல் டாட்டாவின் கொடையாலும் மைசூர் அரசு அளித்த நிலத்தாலும் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி.; 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இவற்றில் பயின்ற பொறியாளர்களும் மெக்கானிக்குகளும் ஓர் ஆலையிலிருந்து மற்றோர் ஆலைக்கு மாறி மாறி நகரை நிரப்பிய பின், 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்தது. முதல் மின்கம்பிக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையே 83 ஆண்டுகள்.

அதே காவிரி நமக்கும் மின்சாரம் தந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. மின்நிலையம் 1937இல் இயங்கிற்று. இரசாயனத் தொழில் உடனே அணையருகே வந்தது. ஆயினும் அரசினர் பொறியியற் கல்லூரி 1966இல்தான் சேலத்துக்கு வந்தது. நெசவாளர்களுக்குப் பெருமை தருவதாகிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960இல் அமைந்தது. மின்சாரத்தில் 35 ஆண்டே பின்தங்கிய நாம், உயர்கல்வியில் 57 ஆண்டு பின்தங்கினோம். இடைவெளி அங்கேதான் விழுந்தது என்பது நம் கருத்து. கனிமம் இருக்கிறதே என்று சிலர் கஞ்சமலையைக் காட்டுவர். 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருள்களை உருட்டித்தான் தன் வேலையை ஆரம்பித்தது.

இப்போது கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. கருப்பூர்ப் பக்கம் மினி டைடல் பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2018இல் அறிவிக்கப்பட்ட இராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை. 1993இல் திறந்தும் நெடுங்காலம் வெறிச்சோடியிருந்த காமலாபுரம் விமான நிலையத்துக்கு 2018இல் விமானம் வந்து, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. இவை வேண்டியவையே. ஆனால் இருப்பவற்றுள் எளிதில் வாங்கக்கூடியது கட்டடம்தான். நாடா வெட்டுவதற்கும் அதுவே வசதி. நமக்கு இவற்றினும் நம்பிக்கை தந்த செய்தி வேறொன்று. 2023இல் சந்திரயான்-3ஐ ஏந்திச் சென்ற ராக்கெட்டில், எரிபொருள் கலவையின் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு உரிய மோட்டாரைச் சேலம் சோனா கல்லூரியின் ஆய்வுப் பிரிவு செய்து கொடுத்தது. கல்லூரிக்குள் ஒரு பட்டறை நெடுநாள் பொறுமையாக வேலை செய்ததன் பலன் அது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளையும் நாமக்கல்லில் லாரிக் கூண்டுகளையும் கட்டுகிற கைகள் அத்தகைய பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இருசாராரும் ஒருவரையொருவர் அறிவாரா என்பதே ஐயம்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தண்ணீருக்கும் நிலத்துக்கும் என்ன ஆகும்? தைவான் தீவில் 1980இல் தொடங்கிய சின்ச்சூ விஞ்ஞானப் பூங்கா உலகப் புகழ் பெற்றது. சிப்பு எனப்படும் மின்னணுச் சில்லுகளைக் கழுவ மிகத் தூய நீர் ஏராளமாக வேண்டும். 2021இல் அங்கே கடும் வறட்சி. பல மாவட்டங்களில் நெல்வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி, ஆலைகளுக்கு நீரைக் காத்தது அரசாங்கம். குடியானவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது. ஜேடர்பாளையத்திலிருந்து பிரியும் இராஜா வாய்க்காலை நம்பி வெற்றிலையும் வாழையும் வைத்திருப்பவர்கள் இதை இருமுறை படிக்கவேண்டும். மென்பொருள் எழுதும் அலுவலகத்துக்குக் குடிநீர் போதும். சிப்பு ஆலைக்கு ஓர் ஏரி வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து வரவேற்பது அறியாமை. சாயக் கழிவும் ஜவ்வரிசிக் கழிவும் திருமணிமுத்தாற்றை என்ன செய்தன என்பதைக் கரையோரத்தார் அறிவர்.

நிலத்தைப் பொறுத்தவரை, சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018இல் அளவுக்கல் நட்டபோது நடந்தவை எவருக்கும் மறந்திரா. 2019 ஏப்ரலில் நில எடுப்பை ரத்துசெய்த உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பெரும்பகுதி மாற்றியது. வழக்கின் நியாயத்தைப் பேசுவது நம் பணியன்று. அறிவிப்பு வந்த பின் ஒவ்வொருவராக ஓடுவதைவிட, வருமுன் சங்கமாகக் கூடி, எந்நிலத்தைத் தரலாம், எந்நிலத்தைத் தொடலாகாது என்று எழுதி வைப்பது மேல் என்று மட்டும் சொல்வோம். தரிசும், மூடிய ஆலை வளாகங்களும் இருக்க, கிணற்றுப் பாசன நிலத்துக்கு ஏன் வரவேண்டும்?

சங்கம் வேறென்ன செய்யக்கூடும்? இங்கேதான் ஊராளுங்கல் சங்கத்தைச் சொல்லவேண்டும். கேரளத்தில் வடகரைக்கு அருகே 1925இல், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் வழிநின்ற கூலித் தொழிலாளர் சிலர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சாலையும் பாலமும் ஒப்பந்தம் எடுத்துத் தாமே உழைத்துக் கட்டினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நாணயமாக வேலை செய்து சேர்த்த பலத்தைக் கொண்டு, கோழிக்கோட்டில் ஒரு கம்ப்யூட்டர்ப் பூங்காவையே கட்டி 2016இல் திறந்தனர். மண் சுமந்தவர்களின் சங்கம் அது! பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிராமல், வேலையை ஊருக்கு வரவழைக்கத் துணிந்த சங்கத்தை நம் அங்கத்தினர்கள் ஒருமுறை நேரில் பார்த்து வருவது நல்லது.

நம் சங்கங்கள் அத்துணைப் பெரியவை அல்ல. ஆனால் தறி ஓய்ந்த கொட்டகைகள் எத்தனையோ சங்கங்களில் பூட்டிக் கிடப்பதைத் தணிக்கைதோறும் காண்கிறோம். ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம், வேறொன்றும் செய்வதில்லை. நல்ல மின் இணைப்பும் கண்ணாடி இழை இணைய வசதியும் சேர்ந்தால், இருபது பேர் அமர்ந்து வேலை செய்யும் அலுவலகத்துக்கு அது போதும். ரிக் பட்டறைகளும் லாரிக் கூண்டுப் பட்டறைகளும் சேர்ந்து, உலோகத்தின் தரமும் அளவின் நுட்பமும் சோதிக்கும் பொதுப் பரிசோதனைக் கூடம் ஒன்றைக் கூட்டுறவில் அமைக்கலாம். சேகோசர்வ் ஜவ்வரிசிக்குச் செய்ததை இரும்புக்குச் செய்வதே இது. இராணுவத் தளவாடத்துக்குச் சிறு பாகம் செய்யும் வாய்ப்பு வந்தால், வாங்குகிறவர் கேட்கும் முதற் காகிதம் பரிசோதனைச் சான்றிதழ்தான். அது கையில் இல்லாதவருக்கு வழித்தடத்தின் முனையில் இருப்பதால் பயன் ஏதுமில்லை.

அன்றைய கூட்டத்தில் இவ்வளவும் பேச இயலவில்லை. சங்கத்தின் பழைய தறிக்கொட்டகையைப் பற்றி மட்டும் பேச்சு எழுந்தது. அதை வாடகைக்கு விட்டால் சங்கத்தின் பெயர் என்னாவது என்றார் ஒரு பெரியவர். பூட்டியிருப்பதால் மட்டும் பெயர் நிற்கிறதா என்றார் கேள்வி கேட்ட அங்கத்தினர். அடுத்த நிர்வாகக் குழுவுக்கு அதை ஒரு பொருளாக வைப்பதென்று முடிவாயிற்று. அதற்குமுன் இரண்டு விவரங்களைத் தயார் செய்யுமாறு செயலாளரிடம் கேட்டுக்கொண்டோம். கொட்டகையின் மின் இணைப்பு எத்தனை கிலோவாட் தாங்கும் என்பது ஒன்று. அங்கத்தினர் வீடுகளில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளின் பட்டியல், இப்போது எந்த ஊரில் என்ன வேலை என்ற குறிப்புடன், மற்றொன்று. பட்டியல் பத்து நாளில் வந்துவிட்டது. அதில் 41 பெயர்கள் இருந்தன. ஊரிலேயே இருப்பவர் மூவர். மின் இணைப்பு விவரம் இன்னும் வரவில்லை.