மறுபடியும் அதே சண்டை

சூளகிரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் நீ இங்கே வந்திருந்தபோது உன் அம்மா கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. "ஏற்கெனவே வெச்சிருக்கிற ஆட்டத்துலயும் இதே மஞ்ச முடிக்காரன்தானே அடிச்சுக்கிறான்? மறுபடியும் அதே சண்டைக்கு எதுக்கு இன்னொரு தடவ காசு?" என்றாள் அக்கா. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். நானும் அப்போது ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரமாக என் கூடவே கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கும் சூளகிரிக்கும் வந்து போகிறது. நல்ல கேள்வி அது. கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 2-இல் இருப்பது டிராகன் பால் சண்டை ஆட்டமான 'புடோகாய் டென்காய்ச்சி 3'. ஜப்பானில் அந்த வரிசைக்குப் பெயர் 'ஸ்பார்க்கிங்'. 2005, 2006, 2007 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று வந்தன. அப்புறம் 17 வருஷம் அந்தப் பெயரில் புதிதாக ஒன்றும் வரவில்லை. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய ஆட்டத்தையே பிரித்துப் புதுப்புது வீரர்களை உள்ளே சேர்த்து, நான்காம் பாகம் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கடைசியில் 2024 அக்டோபர் 11-இல் 'ஸ்பார்க்கிங் ஜீரோ' வந்தது. முதல் நாளிலேயே 30 லட்சம் பிரதி விற்றது. வேற்றுருவங்களையும் சேர்த்து எண்ணினால் 182 வீரர்கள். சித்தப்பா பெங்களூரிலிருந்து கொடுத்தனுப்பிய புது மெஷினில் நீ போட ஆசைப்படுவது இதைத்தான்.

அக்கா சொல்வது சரி. அதே கோகூ, அதே வெஜிட்டா, அதே ஃப்ரீஸா. கதையும் அதேதான். ஆனால் எது மாறியது, ஏன் மாறியது என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் டூல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. எந்த டிராயிங்கை விரித்தாலும் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். ரிவிஷன் கட்டம் என்போம். இந்த டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சு, எத்தனை தடவை திருத்தப்பட்டது, எந்தத் தேதியில், எந்த அளவு மாறியது, ஏன் மாறியது என்று அதில் எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் டிராயிங்கின் நடுவில் இருக்கும் படத்தைப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் முதலில் ஓரத்துக்குப் போவார்கள். வேலையின் புத்தி அங்கேதான் இருக்கிறது. உன் தாத்தா கொத்தமல்லிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போன டிவிஎஸ் 50-ஐ நீ படத்தில்தான் பார்த்திருப்பாய். 1980-இல் ஓசூரில் பிறந்த வண்டி அது. இன்று நம் தெருவில் ஓடும் எக்ஸ்எல் 100 அதன் வம்சம். 2015-இல் அது வந்தபோது டூ ஸ்ட்ரோக் என்ஜின் போய் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது. ஆனால் காலுக்கு முன்னால் மூட்டை வைக்கிற இடத்தில் கை வைக்கவில்லை. அந்த இடத்தை அடைத்திருந்தால் சூளகிரிச் சந்தையில் ஒருவர்கூட அதை வாங்கியிருக்க மாட்டார்.

அப்படி ஒரு ரிவிஷன் கட்டத்தை நீ இந்த ஆட்டத்துக்குப் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு முதல் டிராயிங்கைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முதல் டிராயிங் ஆட்டம் அல்ல, காகிதம்.

அகிரா தொரியாமா என்பவர் 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் வரைந்த தொடர்தான் டிராகன் பால். மொத்தம் 519 அத்தியாயம், 42 புத்தகம். (அதே 1984-இல்தான் நம் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. என் பள்ளிக்கூடப் பைக்குள் அவை எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும்.) கோகூ என்கிற பெயரே பழைய சீனக் கதையான 'மேற்கு நோக்கிய பயணம்' நூலின் குரங்கு வீரனுடைய பெயர், ஜப்பானிய உச்சரிப்பில். சின்ன வயசுக் கோகூவுக்கு வால் இருப்பதும், நீளும் கம்பு இருப்பதும், மேகத்தில் ஏறிப் பறப்பதும் அங்கிருந்து வந்தவை. அந்தக் கதையில் குரங்கு காவல் காத்துக் கூட்டிப்போகிற துறவி நிஜத்தில் வாழ்ந்தவர், யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம்வரை வந்து போனவர். ஆக, கோகூவே ஒரு ரிவிஷன்தான்.

இப்போது மஞ்சள் முடிக்கு வருகிறேன், அக்கா அதைத்தானே சொன்னாள். வாரப் பத்திரிகை கறுப்பு வெள்ளை. கோகூவின் கறுப்பு முடியை ஒவ்வொரு கட்டத்திலும் மை பூசி நிரப்புவது உதவியாளரின் வேலை. அதிலேயே நேரம் போகும். சூப்பர் சையன் என்கிற வலிமை கூடிய உருவம் எடுத்ததும் முடி வெளிறி, வண்ணத்தில் மஞ்சளாகிவிடுகிறது. காகிதத்தில் மை வேண்டாம், வெள்ளையாக விட்டால் போதும். நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று தொரியாமாவே சொல்லியிருக்கிறார். நகரத்தை வரைவதும் அவருக்குச் சுமை. அதனால் சண்டையைப் பொட்டல் வெளிக்கும் பாறைக் காட்டுக்கும் கொண்டுபோனார். "மாமா, நம்ம ஊரு பாறைங்க மாதிரியே இருக்கு" என்று நீ ஒருநாள் கத்தினாயே, அந்தப் பாறைக்காடு ஒரு மனிதர் வாரக் கெடுவுக்குள் வேலையை முடிக்கக் கண்டுபிடித்த வழி. மிச்சம் பிடித்ததில் படிக்கிறவனுக்கு நஷ்டம் இல்லை. உலகத்துப் பிள்ளைகள் மறக்காத ஒரு முகம் அவனுக்குக் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

பாறை என்றதும் இன்னொன்று. சண்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்வது ஜப்பானில் மட்டும் நடந்ததல்ல. வேப்பனப்பள்ளிப் பக்கம் சின்னகொத்தூருக்கு உன்னைக் கூட்டிப்போக வேண்டும். பழைய பெயர் குந்தாணி. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள வீரராமநாதன் இருந்து ஆண்ட ஊர். நம் மாவட்டம் முழுக்க நடுகற்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆநிரையைக் காக்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்தி அதன் வாயிலேயே செத்தவன், ஊருக்காகத் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டவன் என்று பல வகை. அவற்றில் மூன்று அடுக்காகச் செதுக்கிய கற்களைத்தான் நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் அவனை இரு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலோகத்தில் இருக்கிறான். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய மூன்று கட்டம். ஒரே ஆள் மூன்று தடவை வருகிறான், ஒவ்வொரு தடவையும் வேறு உடம்பில். சண்டை போட்டுச் சாகிற கோகூ, தலைக்கு மேல் வளையத்தோடு அந்த உலகத்தில் பயிற்சி எடுப்பதை நீ எனக்குக் காட்டியபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது.

தெரிந்த கதையை மறுபடி பார்ப்பது வீண் என்றால், பாரதக் கூத்துக்கு யார் போவார்கள்? பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த அவ்வளவு பெரிய துரியோதனன் படுத்திருக்கிறான். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள் என்று கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உன் பாட்டி ஐம்பது வருஷமாகப் போகிறாள், ஐம்பது வருஷமும் அழுதிருக்கிறாள். என்ன நடக்கும் என்று பார்க்க அவள் போவதில்லை. இந்த வருஷத்துப் பீமன் எப்படி வருகிறான் என்று பார்க்கப் போகிறாள். ஜப்பானிய ஒலியில் கோகூவுக்குக் குரல் கொடுப்பவர் மசாகோ நொசாவா என்கிற அம்மா. 1936-இல் பிறந்தவர். 1986-இல் தொடங்கி இன்றுவரை அவர்தான் கோகூ. ஸ்பார்க்கிங் ஜீரோ வந்தபோது அவருக்கு 87 வயது. 2022-இல் நம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய கோகூவோடு வளர்ந்தவன் நீ. ஒருமுறையாவது ஒலியை ஜப்பானியத்துக்கு மாற்றிக் கேள். அதே கத்தலை இத்தனை ஆண்டுகளாக ஒருவர் எப்படி அலுக்காமல் கத்துகிறார் என்று கவனி.

புது ஆட்டத்தில் கூத்துக்காரர்கள் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள். சில இடங்களில் கதை கிளை பிரிகிறது. அண்ணன் ராடிட்ஸ் வந்து மகனைத் தூக்கிப் போனதும் கோகூ தன் எதிரி பிக்கோலோவோடு சேர்ந்து போய், அந்தச் சண்டையில் செத்துப்போகிறான். அது மூலக்கதை. ஆட்டத்தில் பிக்கோலோவோடு சேர மாட்டேன் என்றும் நீ சொல்லலாம். அப்புறம் நடப்பது வேறு கதை. எனக்கு இது பிடித்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். கோகூ அங்கே சாக வேண்டியவன் என்று தெரிந்தவனுக்குத்தான் அவனைக் காப்பாற்றும்போது கை நடுங்கும். தெரியாதவனுக்கு அது இன்னொரு சண்டை. பழையதை நீ மனத்தில் வைத்திருப்பதை நம்பித்தான் இந்தப் பாகம் நிற்கிறது. அதனால், மாப்ளே, புத்தகத்தைப் படிக்காமல் ஆட்டத்தை வாங்காதே.

சண்டை முறையிலும் சேர்த்திருக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே திருப்பி அடிக்கிற ரிவெஞ்ச் கவுண்டர் ஒன்று. பாய்ந்து வருபவனை எதிர்கொண்டு முறியடிக்கிற சூப்பர் பெர்செப்ஷன் இன்னொன்று. இரண்டுக்கும் சேமிப்பு தேவை. சேர்த்து வைத்த புள்ளியைச் செலவழித்துத்தான் செய்ய முடியும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவன் தோற்பான். பயிற்சிப் பகுதியில் பிக்கோலோ கோகூவின் மகன் சின்னக் கோஹானுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அமைத்திருக்கிறார்கள். நீ அதைத் தாண்டிக் குதித்து நேரே சண்டைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். சிலம்ப வாத்தியார் முதல் மாதம் முழுக்கக் கால்மானம் மட்டும் போடச் சொன்னபோது நீ அழுதாய். இப்போது உன் கம்பு காற்றில் பாடுகிறதே, அது அந்த ஒரு மாதத்தின் சத்தம்.

இனி எனக்கு மனசுக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். வெளியானபோது இந்த ஆட்டத்தில், ஒரே வீட்டில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு பேர் ஆட ஒரே ஒரு களம்தான் இருந்தது. கதையில் வருகிற, ஒன்றுமே இல்லாத அந்த வெள்ளைப் பயிற்சி அறை. உன் பழைய ஆட்டத்தில் எந்தக் களத்திலும் திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம். காரணம் எனக்குப் புரிகிறது. மலை உடைந்து, தண்ணீர் பிளந்து, கட்டடம் சரியும் களத்தை ஒரே மெஷின் இரண்டு பார்வையில் ஒரே நேரத்தில் வரைவது இரட்டை வேலை. வெள்ளை அறையில் வரைவதற்கே ஒன்றும் இல்லை. தொரியாமா முடியை வெள்ளையாக விட்டதும் மிச்சம்தான், இவர்கள் அறையை வெள்ளையாக விட்டதும் மிச்சம்தான். ஆனால் இந்த மிச்சத்தில் நஷ்டம் யாருக்கு? ஒரு மெஷினும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு. நீயும் உன் தங்கையும் இருக்கிற வீட்டுக்கு. ரசிகர்கள் கேட்டார்கள், பிறகு இன்னும் சில களங்களைச் சேர்த்தார்கள். முழுதாகத் திரும்பி வரவில்லை.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம், ஒரு கம்பெனியில் பழைய பிரஸ் டை ஒன்றைப் புதிதாக வரையச் சொன்னார்கள். தகட்டைக் குத்தி அழுத்தும் 'பஞ்ச்' பாகத்தின் நடுவே மெல்லிய துளை ஒன்று இருந்தது. எதற்கு என்று எங்கேயும் எழுதவில்லை. நான் எடுத்துவிட்டேன், ஒரு டிரில்லிங் வேலை மிச்சம் என்று. டிரையல் எடுத்தபோது தகடு 'பஞ்ச்' பாகத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அது காற்றுத் துளை. உள்ளே அடைபடும் காற்றுக்கும் வெற்றிடத்துக்கும் வழிவிடுகிற துளை. ஷிப்ட் முடிந்தும் போகாமல் எங்கள் மேஸ்திரி கூடவே நின்று அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் என் கையில் பேனாவைக் கொடுத்து, ரிவிஷன் கட்டத்தில் காரணத்தை எழுத வைத்தார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு கோடு போட்ட நோட்டு எடு. இடது பக்கம் பழைய ஆட்டம், வலது பக்கம் புதியது. சித்தப்பா வீட்டில் நீ ஆடிய இரண்டு நாளும் ஞாபகம் இருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேமராவை ஏன் வைத்துக்கொண்டார்கள்? ஆள்கூட்டத்தை ஏன் பெருக்கினார்கள்? ஒருவனே ஐந்தாறு உருவில் வருவதை எண்ணிக்கையில் சேர்ப்பது நியாயமா? இருவர் சேர்ந்து ஆடுவதைக் குறைத்ததற்கு ஈடாக என்ன கொடுத்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் எதிரே உன் தீர்ப்பை எழுது. 'சூப்பர்', 'மொக்கை' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். தொரியாமா 2024 மார்ச் 1-இல் 68 வயதில் இறந்துபோனார், ஆட்டம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. அவர் இருந்திருந்தால் இதில் எதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார் என்று கடைசிப் பக்கத்தில் யோசித்து எழுது. அது உன் ஊகம்தான், தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை.

எழுதி முடித்ததும் நோட்டை அக்காவிடம் கொடு, என்னிடம் இல்லை. கேள்வி கேட்டது அவள். முழுக்கப் படித்துவிட்டு வேண்டாம் என்றால், அவள் காரணத்தையும் அதே நோட்டில் எழுதி வாங்கு. சரி என்றால் பாதிப் பணம் நான் தருகிறேன்.

படுகளத்துக்கு வரும்போது பழைய பிளேஸ்டேஷனைக் கையோடு எடுத்து வா. இரண்டு கண்ட்ரோலரும் வேண்டும். தங்கையிடம் சொல்லி வை, முதல் ஆட்டம் அவளுக்கும் எனக்கும்.

அன்புடன்,
மாமா