எய்லரான் வெட்டிய பிறகு

பழகுபவர்களுக்கென்று வரும் ரிமோட் விமானங்கள் பலவற்றில் எய்லரானே, அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டையே, இருக்காது. இரண்டு இறக்கைகளும் நுனியை நோக்கி மேலேறியிருக்கும். சுக்கானைத் திருப்பினால் விமானம் தானே சரிந்து திரும்பும்; கையை விட்டால் தானே நிமிரும். என் முதல் விமானமும் அந்த ரகம்தான்: 120 செ.மீ. நீளத்தில், அடிப்புறம் தட்டையான ஃபோம் போர்டு இறக்கை. பக்கக்காற்று கொஞ்சம் வீசினாலும் தரையிறக்குவது பெரும்பாடு. அதனால்தான் கட்டரைக் கையில் எடுத்தேன்.

இறக்கையின் அகலம் 20 செ.மீ. அதன் பின்விளிம்பில், நுனிப்பக்கப் பாதியில் மட்டும், 4.5 செ.மீ. பட்டையாக எய்லரான் வெட்டப்பட்டது. மேலேறும் கோணம் பாதிக்கு மேல் குறைந்தது. எய்லரானை அசைக்கப் பக்கத்துக்கு ஒன்றாக 9 கிராம் சர்வோ. எல்லாம் ஒரே மாலையில் முடிந்த வேலை.

மறுநாள் காலை, குச்சியை இடப்பக்கம் தள்ளியதும் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. மூக்கு மட்டும் வலப்பக்கம் போனது. காரணம் எளிது. இடப்பக்கம் சாய வேண்டுமென்றால் வல எய்லரான் கீழே இறங்கும். அந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், கூடவே காற்றின் இழுவையும் கூடும். மூக்கை அது தன் பக்கம் இழுத்துவிடும். மெதுவாகப் பறக்கும்போதுதான் இந்தத் தொல்லை அதிகம். ரைட் சகோதரர்களும் தங்கள் கிளைடரில் இதனோடு மல்லுக்கட்டி, 1902-இல் அசையும் சுக்கானைப் பொருத்தித்தான் மீண்டார்கள்.

ரிமோட் விமானத்தில் இதற்கு வழி, எய்லரான் மேலே போகும் அளவைவிடக் கீழே வரும் அளவைக் குறைப்பது. 12 மி.மீ. மேலே, 6 மி.மீ. கீழே என்று வைத்ததும் விமானம் ஒழுங்காகத் திரும்பியது. சர்வோக்கள் தனித்தனிச் சேனலில் இருந்தால் ரிமோட்டிலேயே இதை அமைக்கலாம்.

அடுத்தது பயமுறுத்திய பாடம். உயரத்திலிருந்து வேகமாக இறக்கியபோது வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம். வல எய்லரான் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. த்ராட்டிலை உடனே குறைத்து மூக்கைத் தூக்கியதால் வேகம் தணிந்தது, விமானமும் பிழைத்தது. தரையில் பார்த்தால், கீல் டேப் பாதி கிழிந்திருந்தது. சர்வோவை எய்லரானோடு இணைக்கும் 1.2 மி.மீ. கம்பி, எய்லரானில் பொருத்திய ஹார்னின் 2 மி.மீ. ஓட்டையில் கடகடவென்று ஆடியது. மோட்டாரின் சக்தியைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையை இந்தச் சின்ன ஓட்டையில் பலரும் காட்டுவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கம்பி இறுக்கமாக நுழையும் அளவுக்கே துளை இருக்க வேண்டும். ஹார்னில் வெளித்துளையிலும் சர்வோ கையில் உள்துளையிலும் கம்பியை மாட்டினால், இணைப்பில் மிஞ்சும் ஆட்டம் எய்லரானுக்குக் குறைவாகவே போய்ச் சேரும். கீல் இடுக்கை நீளம் முழுக்க டேப் போட்டு மூட வேண்டும். பிறகு எய்லரானை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். சர்வோ கை அசையாமல் அது மட்டும் ஆடினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

இறக்கைக்குள் போன சர்வோக்கள் விமானத்தின் எடைமையத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தன. பேட்டரியை 2 செ.மீ. முன்னே நகர்த்தியதும், முன்விளிம்பிலிருந்து 5.5 செ.மீ. தள்ளி விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நின்றது.

கடைசியாக, ஒவ்வொரு முறையும் விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். வல எய்லரான் எழ வேண்டும். இடது எழுந்தால், ரிமோட்டில் திசையை மாற்றாமல் விமானத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது.