கவுன்சிலிங் மேடத்துக்கு என்ன வேலை?

அன்புள்ள சித்தூர் வாசகருக்கு,

திருப்பதி விடுதிப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகள், "கவுன்சிலிங் மேடம் எப்பவும் எக்ஸாம் ட்யூட்டியிலதான் இருக்காங்க" என்றாளாம். அவருக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிறைய இருக்கிறது, செய்ய விடுவதில்லை.

எந்தப் பிள்ளையும் "மனசு சரியில்லை" என்று வந்து நிற்காது. வயிற்றுவலி என்று வரும். மெஸ் சாப்பாடு, பக்கத்துக் கட்டில் தோழி, போன வாரத் தேர்வின் ரேங்க் என்று சுற்றி வளைத்து விஷயம் வெளியே வர அரை மணி நேரமாகும். தமிழக எல்லையோர நகரி, சத்தியவேடு பக்கத்துப் பிள்ளை என்றால் வகுப்பில் தெலுங்கு பேசினாலும் அழுகை தமிழில்தான் வரும். சரியாக அந்த நேரத்தில் அட்டெண்டர் எட்டிப் பார்ப்பார்: "எட்டாம் வகுப்புக்கு சார் வரலை, உங்களைப் போகச் சொன்னாங்க." பிள்ளை எழுந்துவிடும். மறுபடி வருமா என்பது சந்தேகம்தான்.

பிள்ளை போன பிறகும் வேலை உண்டு. குறிப்பு எழுத வேண்டும், ரகசியம் கசியாமல் வார்டனிடம் பேச வேண்டும், தேவைப்பட்டால் திருப்பதி ரூயா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் (இதுதான் பெரும்பாடு). இவை எதுவும் தலைமையாசிரியர் கண்ணில் படுவதில்லை. அவருக்கு மேடம் சும்மா உட்கார்ந்திருப்பவர்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. வழக்கு உங்கள் ஆந்திர மாநிலத்துடையது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்கு வந்து இறந்துபோன மாணவியின் தந்தை தொடுத்தது. தீர்ப்புக்குப் பயந்து ஆளை வைத்துவிடுவார்கள். அந்த ஆளின் நேரத்துக்கு யார் பொறுப்பு? அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும், அவரது நேரத்தில் 80 சதவீதம் மாணவருக்கே போக வேண்டும் என்கிறது. அங்கேயே பெரும்பாலான மாநிலங்கள் அந்த 250-ஐ எட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால் நேரத்துக்கு ஓர் அளவு வைத்தார்களே, அது நமக்கும் வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "கவுன்சிலர் இருக்கிறாரா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறார் என்பார்கள். அவருடைய டைம்டேபிளைக் காட்டச் சொல்லுங்கள். கதவு சாத்திப் பேச அவருக்குத் தனி அறை உண்டா என்றும் பாருங்கள். அதுவரை மகளிடம் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து வையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்